பதினொரு மணிக்கு வருகிறவர்

கணவர் இறந்து ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அப்போது அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து, ஏதோ ஒரு விடுதிக்கான நீலத் திரைச்சீலைக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை தைப்பதுதான் அவள் தொழில். கடைக்காரர் துணியையும் அளவையும் கொடுத்தனுப்புவார். மூன்றாம் மாடியில் இருந்த இரண்டு அறை வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கி, இருபது வருடமாகத் தைத்துவருகிறாள். அந்தக் கட்டடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'கர்ட்டன் அக்கா'.

முதலில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வலது கால் அழுத்தமாக விழுந்தது, இடது செருப்பு தரையோடு இழுபட்டது. சர்க்கரை நோயில் இடது பாதம் மரத்துப்போனதிலிருந்து அவர் நடை அப்படித்தான். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பினாள். கதவு திறந்துதான் இருந்தது. நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கையில் சாப்பாட்டுப் பை. பொட்டுப் பொட்டாக நெற்றியில் வேர்வை. உள்ளே வரவில்லை. அவளையும் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் எதையோ குறிவைத்துப் பார்ப்பவர் போல, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இடப்பக்கம்," என்றார். "மெதுவா. அவசரம் இல்ல."

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கை மட்டும் நடுங்கியது, உதடு மரத்தது, அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போலக் கிடந்தது. "உள்ள வாங்களேன்," என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில், எதிர் வீட்டு அம்மா ஒரு தம்ளர் டீயோடு வந்து நின்றாள். ஊருக்கே தெரியும் அந்த அம்மா டீயில் சர்க்கரையைக் கொட்டித்தான் கலப்பாள் என்று. மறுக்க மனமில்லாமல் குடித்தாள். பாதி தம்ளர் இறங்கியபோது அறை தெளிந்தது. நிலைப்படியில் யாரும் இல்லை.

அவளுடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தரையிலிருந்து நூற்றுச் சொச்சம் ஏணிப்படி ஏறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். "மேல இருந்து பாத்தா மேனேஜரும் எறும்புதான்," என்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்து, சாப்பாட்டில் அவள் உப்பைக் குறைத்தபோது, "உப்பில்லாமத் தின்னு தின்னு எனக்கு ரோஷமே போயிடுச்சு. இனிமே நீ எவ்வளவு வேணா திட்டலாம்," என்றார்.

பதினொரு வருடம் அவருக்கு மாத்திரை. காலையில் நாலு, இரவில் இரண்டு. அதில் ஒன்று சின்ன வெள்ளை மாத்திரை. உடம்பில் தேங்கும் நீரை வடித்து அழுத்தத்தைக் குறைப்பது. அதைப் போட்ட அரை மணியில் சிறுநீர் முட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவை போக வேண்டியிருக்கும். கூண்டிலிருந்து இறங்கவே பத்து நிமிடம், மறுபடி ஏற இன்னொரு பதினைந்து. கீழே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ரேடியோவில் மேற்பார்வையாளர் கத்துவார். கூட வேலை செய்தவர்கள் பாட்டிலை வைத்துச் சமாளித்தார்கள். இவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு நாள் இறங்கி வருவதற்குள் பேன்ட் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அன்றைக்கு அவள்தான் சொன்னாள். "வேலை நாள்ல அந்த மாத்திரைய விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்குங்க. மத்ததெல்லாம்தான் போடுறீங்களே. இந்த ஒண்ணுல என்ன ஆகிடப்போகுது?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "சொல்றே?"

"சொல்றேன்."

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அவர் மாத்திரை வாங்குகிற நலமையத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். மாதாமாதம் மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் பரப்பி எண்ணுவாள். எண்ணிக்கை உதைத்தால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். 'கணக்கு சிஸ்டர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளிடம் மாட்டக்கூடாதென்று, போகிற நாளுக்கு முந்தைய மாலை, போடாத வெள்ளை மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சமையலறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவது இவள் வேலை. அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். "டென்ஷனான வேலை சிஸ்டர்," என்று அவர் சொல்ல, இவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

மூச்சடைப்பது போலப் புழுக்கமாக இருந்த ஒரு காலையில் கூண்டுக்குள் அவருக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. கொக்கியில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை செயலற்றுப்போன பிறகும் மறு கையால் அதை லாரியின் மேல் பதமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் சரிந்தாராம். கீழே நின்ற லாரி ஓட்டுநருக்கு எதுவுமே தெரியவில்லை. கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலிருந்து அவரை இறக்க ஒரு மணி நேரமானது. நான்கு நாள் இருந்தார். கண் திறக்கவில்லை.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார். மகள் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு நாள் விடாம," என்றாள் அவள்.

அந்த மூன்று சொல்லும் அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டன. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவளுக்கும் அதே இரண்டு நோய் உண்டு. ஆறு வருடமாயிற்று. அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த அவள் தன்னுடையதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் ஒருவர் நர்ஸாகிவிடுகிறார், அவ்வளவுதான். அவர் போன பிறகு அவருடைய மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு மிச்சமிருந்தன. அவருடைய மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுவைக்கும், ஆறு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியை அவளால் தூக்கிப்போட முடியவில்லை. முதல் வாரம் பழக்கத்தில் அதை நிரப்பினாள். இரண்டாவது வாரம் அதிலிருந்தே எடுத்து விழுங்கத் தொடங்கினாள். தன் மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தச் சின்ன வெள்ளையையும் தினம் தவறாமல் விழுங்கினாள். அவர் போடாததையெல்லாம் தான் போட்டுத் தீர்ப்பது போல. அவருடைய சர்க்கரை மாத்திரை தன்னுடையதைப் போல இரண்டு மடங்கு வீரியம் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஒரு ஆளுக்கென்று அடுப்பைப் பற்றவைப்பதா என்று தோன்றும். காலையில் வெறும் டீ, இருந்தால் ஒரு பிஸ்கட். அப்படி இருந்த நாட்களில்தான் அவர் வந்தார்.

இரண்டாம் முறை வந்தபோது நிலைப்படியைத் தாண்டியிருந்தார். மூன்றாம் முறை துணி அலமாரி வரை. ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் அந்த இழுபடும் செருப்பு, பிறகு வேர்வை பூத்த முகம், பிறகு ரேடியோவில் பேசுவது போன்ற அந்தப் பேச்சு. "இன்னும் ஒரு அடி. நில்லு. இப்ப விடு." அவளிடம் பேசுகிறாரா, கீழே நிற்கிற யாரிடமோ பேசுகிறாரா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை அவளுக்கு. வந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமைத்து, அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதே இல்லை. எதிர் வீட்டு அம்மாவின் டீ வந்த நாளிலும் வந்தவர் போய்விட்டார். நூல் கோக்கிற ஊசியைப் போலக் கூர்மையான புத்தி கர்ட்டன் அக்காவுக்கு. விஷயத்தைப் பிடித்துக்கொள்ள மூன்று வாரம்கூட ஆகவில்லை. சாப்பிட்டால் வரமாட்டார். சாப்பிடாவிட்டால் வருவார்.

அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே பட்டினி கிடந்தாள். காலை எட்டு மணிக்கு மாத்திரை, அதோடு ஒரு தம்ளர் தண்ணீர். டீயைக்கூட நிறுத்தினாள். எதிர் வீட்டு அம்மாவிடம், "டாக்டர் டீ வேண்டாம்னுட்டாரு," என்று பொய் சொன்னாள். பத்தரைக்கு மேல் மிஷினை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, தலைவாரி, நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கிற தைரியம் வருவதற்குள் ஒவ்வொரு முறையும் நேரம் முடிந்துவிடும். தலை சுற்றி, மேசையில் கவிழ்ந்து, எழும்போது நண்பகலாகியிருக்கும். தாடையில் எச்சில் காய்ந்திருக்கும். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் ஓரடி நெருங்கினார். ஒருநாள் அவள் ஒரு வெள்ளைத் திரையைத் தைத்து முடிக்காமல் மிஷினிலேயே இருந்தபோது, பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். அவருடைய சட்டையிலிருந்து கிரீஸ் வாசம் வந்தது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னங்க," என்றாள். "நான் சொன்னதாலதானா?"

அவர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அப்போது அவள் கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தியிருக்கிறது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. வலி தெரியவில்லை. போனை எடுக்கவில்லையே என்று பதறி, வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்த மகள் கண்டது இதைத்தான்: வெள்ளைத் திரையில் ரத்தம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா பக்கத்து ஸ்டூலைப் பார்த்து, "சொல்லுங்க, சொல்லுங்க," என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

நலமையத்தில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நாற்பத்திரண்டுதான் இருந்தது. கணக்கு சிஸ்டர் வாய்க்குள் சர்க்கரைக் கரைசலைப் புகட்டி, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, மறுபடி புகட்டினாள். காயத்துக்குக் கட்டுப் போட்டாள். டாக்டர் வந்து பார்த்து, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மகள் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்த மாத்திரைகளைச் சிஸ்டர் மேசையில் பரப்பினாள். வழக்கம்போல எண்ணவில்லை. அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது உங்க பேர் இல்லையே அக்கா."

அவள் கட்டுப் போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிஸ்டர் மகளிடம் ஒரு சீட்டை நீட்டி, "இத மருந்தகத்துல குடுத்து வாங்கிட்டு வாம்மா," என்று அனுப்பினாள். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஸ்டூலப் பாத்துப் பேசினீங்களாம். யார் வர்றாங்க?"

கர்ட்டன் அக்கா திடுக்கிட்டாள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. ஆனால் அந்த முகத்தில் கேலியில்லை.

"அவர்தான்."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு. பதினொண்ணேகால்."

"சாப்பிட்டா?"

"வரமாட்டார்."

சிஸ்டர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். "சர்க்கர ரொம்ப இறங்கினா மூளைக்குத் தீனி கிடைக்காது அக்கா. சிலருக்கு ஆள் தெரியும், பேச்சு கேக்கும். நான் பாத்திருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா, அவர் வர வேண்டியிருக்காது. நீங்க போயிருப்பீங்க."

"போனா என்ன சிஸ்டர்?" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அழுகையோடு எல்லாம் வந்தது. நனைந்த பேன்ட், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, தொட்டியில் திறந்துவிட்ட தண்ணீர், டாக்டரிடம் சொன்ன மூன்று சொல். "உங்களயும் ஏமாத்தினேன் சிஸ்டர். நான்தான் அவர்கிட்ட விடச் சொன்னேன். நான்தான்."

சிஸ்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அவர் எங்கிட்டயும் கேட்டாரு," என்றாள்.

"என்னது?"

"ரெண்டரை வருஷம் இருக்கும். தனியா வந்திருந்தாரு, வேலை உடுப்போட. 'சிஸ்டர், இந்த மாத்திரைய போட்டா என்னால மேல உக்கார முடியல, என்ன பண்றது'ன்னு கேட்டாரு. வெளில அறுபது பேர் வரிசைல நிக்கிறாங்க. நான் தல நிமிராமலே, 'நிறுத்தக் கூடாது, போட்டுத்தான் ஆகணும்'னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு." அவள் குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேலை முடிஞ்சு வந்து நாலு மணிக்குப் போட்டுக்கச் சொல்லியிருப்பார். இல்லன்னா வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பார். எத்தனையோ பேருக்கு மாத்திக் குடுத்திருக்கோம். அவருக்கு எதுக்கு முடியலன்னு நான் கேக்கல."

நாலு மணி. அவள் அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ரேடியோவைப் போடுவார். பக்கத்திலேயே கழிவறை. அவ்வளவுதான் விஷயமா? அவளுக்கு ஆத்திரம் வர வேண்டும் போலிருந்தது. வரவில்லை. ஜன்னலோரம் நின்றவளின் முதுகு குலுங்குவதைப் பார்த்தாள். இவளுடைய வீட்டுக்கு யார் வருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய மாத்திரைகளைச் சிஸ்டர் எடுத்துக்கொண்டாள். டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தார். சாப்பிடாமல் தொடக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். மகள் ஒரு மாதம் கூடவே வந்து தங்கினாள். காலை எட்டு மணிக்கு ரொட்டி, முட்டை, அதற்கப்புறம் மாத்திரை. பதினொரு மணிக்கு மிஷின் ஓடும். படிக்கட்டில் காய்கறிக்காரர் ஏறுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள். இழுபடும் செருப்பு மட்டும் இல்லை. உடம்பு தேறியது. தேறத் தேற, வீடு காலியாகிக்கொண்டே வந்தது. மனிதரை இரண்டாம் தடவை பறிகொடுத்தது போல இருந்தது அவளுக்கு. இந்தத் தடவை ஒவ்வொரு காலையும் தன் கையாலேயே.

மகள் தன் வீட்டுக்குத் திரும்பிய ஐந்தாவது வாரம் அது நடந்தது. முப்பது ஜன்னலுக்கு அவசர வேலை. எட்டு மணிக்கு அவசரத்தில் மாத்திரையை முதலில் விழுங்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டருக்குப் போன் செய்தாள். அதற்குள் கடைக்காரர் அழைத்து, அளவு மாறிவிட்டது என்று கத்தினார். பிரித்துத் தைக்க உட்கார்ந்தவள் சாப்பாட்டையே மறந்துபோனாள்.

பதினொன்றரைக்குக் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. கழுத்தில் வேர்வை. உதடு மரத்தது. பிறகு படிக்கட்டில் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுபட்டு.

அவள் சமையலறைக்குத் தவழ்வது போலத்தான் போனாள். சர்க்கரை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கக் கை வரவில்லை. கைக்குத் தெம்பில்லையா, மனசுக்கு இஷ்டமில்லையா என்று அவளுக்கே புரியவில்லை. ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம் பொறுத்தால் உள்ளே வந்துவிடுவார். அன்றைக்குத் திறந்த வாய். பாதியில் நின்ற பதில். இன்றைக்குச் சொல்லிவிடுவார். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

செருப்புச் சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே மூச்சு வாங்குவது கேட்டது. ஏறி வந்த களைப்பில் அவர் எப்போதும் அப்படி நின்று மூச்சு வாங்குவார்.

"அங்கயே நில்லுங்க," என்றாள் அவள். குரல் உடைந்தது. "வராதீங்க. நான் சாப்பிடப் போறேங்க."

பல்லால் மூடியை நெம்பித் திறந்து, அள்ளி வாயில் போட்டாள். மறுபடி அள்ளினாள். கண்ணீரும் சர்க்கரையும் தாடையில் பிசுபிசுத்தன. மென்றபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் எதிர் வீட்டு மின்விசிறியின் சத்தமாக ஆனது. கால் மணி கழித்து விரலைக் குத்திப் பார்த்தாள். எண்பத்தெட்டு. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் வெயில்தான் கிடந்தது.

மூன்று துண்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள். சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, அப்பாவின் வெள்ளை மாத்திரையைப் பற்றியும், அவர் வந்து நின்றதைப் பற்றியும், மென்று விழுங்காமல், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கோபமா இருக்கும்மா," என்றாள் மகள்.

"இருக்கட்டும்டி."

"இப்ப பேச முடியாது."

"சரி."

மூன்று நாள் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மகள் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். முட்டையை வேகவைத்தாள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு முட்டையின் ஓட்டைச் சின்னச் சின்னச் சில்லாக உரித்துக்கொண்டே இருந்தாள். பாதி உரித்த பிறகு, தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்பா வந்தாருன்னு அன்னிக்கி சொன்னியே. மெலிஞ்சு போயிருந்தாராம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"இல்லடி," என்றாள். "அப்படியேதான் இருந்தாரு."

மகள் தலையாட்டிவிட்டு, உரித்த முட்டையை அம்மாவின் தட்டில் வைத்தாள்.